கந்தோரும் ஏட்டுச்சுவடியும்: இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சரித்திரம்

உத்தியோகம் வாய்த்தபின் நூல்களைத் தொடுதற்கு அவகாசமில்லை என்பது நம்மவருட் பலர் கூறும் நியாயம். வித்தியாசாலையை விட்டு நீங்கும்போது நன்னூலும் கந்தபுராணமும் திருமுறையும் கையில் இருந்தன. கந்தோர் வாயிலுக்குட் புகுந்து சில ஆண்டு கழிந்தபின் அவை பெட்டியின் அடியிற் கிடக்கின்றன. இதனை முழுப்பொய் என்று தள்ளுதல் நீதியன்று. பகல் முழுதும் பிறருக்குரிய கணக்கையும் கடிதத்தையும் பார்த்துக் களைத்த கண்ணுக்கு, மாலையில் இலக்கணச் சூத்திரம் இனிப்பதில்லை. ஆயினும் அந்நியாயத்தை உரைப்போர் ஒருமுறை நோக்கத்தக்க சரித்திரமொன்று நம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. அது சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்களுடையது.

இவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவர் பதிப்பித்த நூல்களை விரித்துக் கூறி, இவருடைய உத்தியோகத்தை ஒரு வாக்கியத்திற் சொல்லிக் கடந்துபோவர். யாம் அதனை மறுதலையாகச் செய்யக் கருதுகின்றோம். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சுவாகனமேற்றிய இப்பெரியார் மடத்திலிருந்து படித்த வித்துவானல்லர். பிரபுவின் ஆதரவில் வாழ்ந்த புலவருமல்லர். சென்னை அரசாங்கக் கணக்குக் கந்தோரில் மாசச்சம்பளத்துக்கு வேலைசெய்த உத்தியோகத்தர். இஃது இவர் சரித்திரத்தில் ஒரு புறச்செய்தி அன்று என்பது எம் கருத்து.

பருத்தித்துறை வீதியில் நீர்வேலிக்கு அப்பால் உள்ளது சிறுப்பிட்டி என்னும் ஊர். அங்கே வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவியம்மைக்கும் மைந்தராக 1832-ம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12-ந் தேதி இவர் பிறந்தார். தமிழ் இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடத்துக் கற்றார். ஆங்கிலத்தைத் தெல்லிப்பழையிலே அமெரிக்க மிசனாரிமார் நடத்திய பாடசாலையிலும், பின்பு 1844 தொடங்கி 1852 வரை வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கற்றார். முத்துக்குமாரக் கவிராயரோ ஞானக்கும்மியும் யேசுமதபரிகாரமும் பாடிய சைவர். ஒரு பக்கம் அவரிடத்துச் சூத்திரம், மற்றொரு பக்கம் பாதிரிமாரிடத்து வேதாகமம். இவ்விரண்டுக்கும் இடையே வளரும் பிள்ளையின் நெஞ்சம் எத்தகையதென்பது மிசன் பள்ளியிற் கற்ற எம்போல்வார்க்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டுவதன்று.

செமினரியிலே கணிதமும் வானசாத்திரமும் தருக்கமும் செவ்வையாகக் கற்பிக்கப்பட்டன. அக்கல்வியை இகழ்ந்து பேசுவார் நம்முள் உளர். அதன் நோக்கம் நமக்கு உடன்பாடன்றாயினும், அங்கே பெற்ற கணிதப் பயிற்சியே பின்னாளிற் பிள்ளையவர்களுக்குச் சீவனத்தைத் தந்தது என்பதை மறைத்தல் தகாது. அச்சீவனம் தமிழுக்கு என்ன தந்தது என்பதை மேலே காண்போம்.

செமினரியை விட்டபின் கோப்பாய்ப் போதனாவித்தியாசாலையில் ஆசிரியராயினார். ஆசிரியத்தொழிலைச் செய்துகொண்டே 1854-ல் குமரகுருபர சுவாமிகள் அருளிய நீதிநெறிவிளக்கத்தை உரையோடு அச்சிட்டு வெளிப்படுத்தினார். அப்பொழுது அவருக்கு வயசு இருபத்திரண்டுக்கு மேற்படவில்லை. சம்பளத்துக்குரிய வேலை ஒன்றும், தமக்கென்று வைத்துக்கொண்ட தமிழ்வேலை ஒன்றும் பக்கத்திற் பக்கமாக நடக்கும் இவ்வழக்கம் அன்றே தொடங்கியது. அது பின்பு நெடுங்காலம் அவரை விட்டு நீங்கவில்லை.

சில காலத்தின் பின்னர்ப் பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்துதலில் அமர்ந்தார். இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்குங் கடமையும் அவருக்கு வாய்த்தது. 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை தாபிக்கப்பட்டது. அதன் முதற் பி. ஏ. பரீட்சையிலே தேறினவர் இருவர். ஒருவர் நம் பிள்ளையவர்கள். மற்றவர் வட்டுக்கோட்டைச் செமினரியைச் சேர்ந்த கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார் என்று நாம் பெருமை பேசுவது வழக்கம். பிள்ளையவர்கள் அப்பொழுது பரீட்சைக்கு மாத்திரம் படித்துக்கொண்டிருந்த மாணாக்கரல்லர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். தொழிலில் அமர்ந்திருந்துகொண்டே இப்பட்டத்தைப் பெற்றனர்.

பின்னர்க் கள்ளிக்கோட்டையில் அரசாங்கப் பாடசாலையிலே ஆசிரியராகச் சிலகாலம் இருந்து, மீண்டு சென்னை அரசாங்கக் கணக்குக் கந்தோரிற் சேர்ந்தார். அங்கே படிப்படியாக உயர்ந்து விசாரணைக் கர்த்தராகி, 1882-ல் உபகாரச்சம்பளம் பெற்று நீங்கும்வரையும் அவ்வுத்தியோகத்திலேயே இருந்தார். ஆசிரியர் தொழிலுக்கு விடுமுறை நாட்கள் உண்டு. கற்பிக்கும்போதே தானும் கற்கும் வசதியும் உண்டு. கணக்குவேலைக்கு இவ்விரண்டும் அரிது. ஒரு பெரிய இராசதானியின் வரவுசெலவை ஆராய்கின்றவன், ஓரணா பேதப்பட்டாலும் புத்தகம் புத்தகமாகத் திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கத்தில் யார் கைதவறியது என்று கண்டுபிடிக்கவேண்டும். அதிலே தமிழுக்கு இடமில்லை, கவிக்கு இடமில்லை. மனம் வறண்டுபோதற்கு இதனினும் ஏற்ற தொழில் வேறில்லை என்றே முதலிற் றோன்றும்.

இத்தொழிலில் இருந்தபடியே அவர் சட்டம் பயின்று, நாற்பது வயசை அணுகிய காலத்தில், 1871-ல், பி. எல். பரீட்சையிலுந் தேறினார். குடும்பமும் பதவியும் உடையார் ஒருவர் அவ்வயசிலே மீண்டும் பரீட்சை மண்டபத்தில் இளைஞர் நடுவே சென்றமர்தல் எளிதன்று. அதற்குமுன் 1868-ல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு, ஆறுமுகநாவலரவர்கள் பரிசோதித்துக் கொடுக்கப் பெற்றுப் பதிப்பித்தனர். நாவலரவர்களுக்கும் இவருக்கும் வயசில் ஏறக்குறையப் பத்தாண்டே வேற்றுமை. அவர் மணமும் உத்தியோகமும் வேண்டாமென்று துறந்து சைவத்துக்கும் தமிழுக்கும் தம்மை முழுதும் கொடுத்தவர். இவரோ உத்தியோகத்தையும் இல்லறத்தையும் விடாது நின்றவர். நாவலரவர்கள் வழியே உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வழி நூறாயிரத்தில் ஒருவர்க்கே இயல்வது. மற்றையோர் பார்த்துப் பின்பற்றத்தக்க வழி பிள்ளையவர்களுடையதே.

இனி ஒன்று கவனிக்கத்தக்கது. 1868-ல் சேனாவரையம் வெளிவந்தது. அவருடைய பதிப்புக்களில் அடுத்த பெரிய பழைய நூலாகிய வீரசோழியம் வெளிவந்தது 1881-ல். இடையிலே பதின்மூன்று ஆண்டு. புறத்தே நின்று பார்ப்பவன், இவர் உத்தியோகத்தில் அமிழ்ந்து நூலை மறந்தார் என்றே எண்ணியிருப்பான். ஆனால் 1881 தொடங்கி 1892 வரையுள்ள காலத்தில் வெளிவந்தவற்றைப் பாருங்கள். வீரசோழியத்தை அடுத்து, 1883-ல் தணிகைப்புராணமும் இறையனாரகப்பொருளும், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை, 1889-ல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும், 1891-ல் எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியருரையோடு, 1892-ல் சொல்லதிகாரம் அவ்வுரையாசிரியர் உரையோடு. ஒன்பது நூல்கள் பன்னீராண்டில். உபகாரச்சம்பளம் பெற்ற மறுநாள் ஏட்டை அவிழ்க்கத் தொடங்கிய ஒருவரால் இது செய்யத்தக்கதா? தொல்காப்பியம் ஒன்றையே அதன் இருபத்தேழு இயல்களோடும் உரைகளோடும் உள்ளத்திற் பதித்தற்குப் பல்லாண்டு வேண்டும். அவ்வாண்டுகள் கணக்குப் புத்தகத்தோடு கழிந்த ஆண்டுகளே. நாள்தோறும் பயிலும் பயிற்சி அவ்வந்நாளிற் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்றைக்கு இரண்டு சூத்திரம் படித்தவனுக்கும் படியாதவனுக்கும் நாளைக்கு வேற்றுமை காட்ட முடியாது. பிள்ளையவர்களுடைய பதின்மூன்றாண்டு மௌனம் அத்தகையது.

அக்காலத்து ஏட்டுப்பிரதியைக் கண்ணாற் கண்டவர் இன்று மிகச் சிலர். ஆதலின் அவ்வேலையின் தன்மையைச் சிறிது கூறுவாம். பனையோலையில் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடார். இட்டால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவு வேற்றுமை இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எரி என்பதும் ஏரி என்பதும் ஓலையில் ஒன்றே; இடம்நோக்கிப் படிப்பவனே பொருளை வேறுபடுத்தல் வேண்டும். பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது, உரையிடையே காட்டிய மேற்கோள் எத்துணை என்பதும் பிரித்துக் காட்டப்பட்டிராது. எழுதினவன் பொருளறியாதவனாயின், ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவியிருப்பான். இவற்றின்மேல் இராமபாணப் பூச்சித் துளை, ஒடிந்த ஓரம், இடையிலே காணாமற்போன ஏடு. எடுக்கும்போதே ஓரம் உதிர்ந்து, புரட்டும்போதே துண்டாகும் சுவடிகளைப் பற்றிப் பிள்ளையவர்கள் தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியிருக்கின்றனர்.

இத்தகைய பிரதிகள் நாலைந்தை எதிரெதிரே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கி, ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றால் நிரப்பி, ஒன்றோடொன்று முரணும்போது எது மூலபாடம் என்று துணிதல்தான் பரிசோதனை எனப்படுவது. கணக்கை ஆராய்பவன் செய்வதும் இதுவே. இரண்டு புத்தகத்தை வைத்து வரிவரியாக ஒப்பிடுகின்றான். பேதம் கண்ட இடத்தில் நிற்கின்றான். எவன் எந்த வரியிற் கைதவறினான் என்று தேடுகின்றான். தேடிக் கண்டபின்னன்றி மேற்செல்லான். ஆதலினாற் கந்தோர் பிள்ளையவர்களுடைய பொழுதைத் தின்றது என்று மாத்திரம் சொல்லுதல் குறைவான கணக்கு. கண்ணுக்கும் கைக்கும் அது கொடுத்த பொறுமை ஏட்டின்மேலும் சென்றது என்றே யாம் கருதுகின்றோம். கவித்துவம் மிக்க வித்துவான் ஒருவன், சிதைந்த அடியைக் கண்டவுடன் தன் புலமையால் ஓர் அடியைப் புனைந்து நிரப்பிவிடுதலும் உண்டு. கணக்கன் இல்லாத தொகையை எழுதத் துணியான்.

உத்தியோகத்தால் வந்த பயன் இன்னுமொன்று உண்டு. அது சம்பளம். பழைய நூலொன்றை அச்சிடுவதற்கு ஏடு தேடவேண்டும், பிரதி செய்விக்கவேண்டும், கடதாசியும் அச்சுக்கூலியும் வேண்டும். அச்சிட்டபின் வாங்குவோர் சிலர். பிள்ளையவர்கள் தம் உழைப்பினாற் பெற்ற பொருளை இதிற் செலவிட்டார்கள். பிறர் பொருளை எதிர்பார்ப்பவன், கொடுப்பவர் விரும்பும் நூலையே எடுக்கவேண்டியவனாவான். இவர் எடுத்தவற்றை நோக்குக. வீரசோழியம் செய்தவர் புத்தமித்திரர் என்னும் பௌத்தர். சூளாமணி செய்த தோலாமொழித்தேவர் சமணர். தணிகைப்புராணம் கச்சியப்ப முனிவர் அருளிய சைவநூல். சைவ மகத்துவம் என நூல் எழுதித் தம் சமயப்பற்றை விளக்கிய ஒருவர், பௌத்தரும் சமணரும் செய்த தமிழையும் அழியவிடாது காத்தனர். இதற்காக அவரைக் குறைகூறிய சைவர் அன்றும் இருந்திருக்கலாம். இன்றும் சிலர் இருக்கின்றனர். எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தம் சமயத்தில் உறுதிபெற்றவன் பிறர் நூலைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஒருவரிடத்தும் கைநீட்டாதவனுக்கு அவ்வுரிமையைச் செயலிற் காட்டுதலும் எளிதாகின்றது.

உத்தியோகத்தை விட்டு நீங்கிய பின்பு கும்பகோணத்திலே நியாயவாதியாக அமர்ந்தனர். பி. எல். பட்டம் அப்பொழுது பயன்பட்டது. இதனால் அவர் ஓய்வை நாடிச் சென்றவரல்லர் என்பது விளங்கும். கணக்குவேலை போய் வழக்குவேலை வந்தது. ஆனாற் கும்பகோணம் ஏடு தேடுவார்க்கு ஏற்ற இடம். பக்கத்தே திருவாவடுதுறை ஆதீனம். அங்கே சுப்பிரமணிய தேசிகரவர்கள் கலைவிநோதராக வீற்றிருந்து ஏடுகள் உதவினர். அவ்வூர்க் கல்லூரியிலே தமிழ்ப்பண்டிதராக இருந்தவர் உ. வே. சாமிநாதையரவர்கள். இரு பெரும் பதிப்பாசிரியர் ஓரூரில் வாழ்ந்து ஒரே காலத்திற் பழைய ஏடுகளைத் தேடினர். சீவகசிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க விரும்பிய பிள்ளையவர்கள் ஐயரவர்களிடமிருந்த பிரதியைக் கேட்டதும், அதனைத் தாமே பதிப்பிக்கத் துணிந்திருந்த ஐயரவர்கள் கொடாது மறுத்ததும் உண்மையே. ஐயரவர்கள் தம் சுயசரித்திரத்தில் இதனை எழுதியுள்ளார்கள். 1887-ல் சிந்தாமணி ஐயரவர்களாலும், கலித்தொகை பிள்ளையவர்களாலும் வெளிவந்தன. எட்டுத்தொகையில் முதலில் அச்சு முகம் கண்டது நூற்றைம்பது பாட்டையுடைய கலித்தொகையே. ஒருவர் கேட்டு மற்றவர் மறுத்ததனாலே தமிழுக்கு நட்டமொன்றும் உண்டாகவில்லை.

பொருளதிகாரப் பதிப்பைக் குறித்தும் சிறிது கூறவேண்டும். அதனை முழுமையும் நச்சினார்க்கினியருரை என்றே கருதி 1885-ல் வெளியிட்டனர். அதன் பின்னான்கியல்களுக்கு உள்ள உரை பேராசிரியருடையது என்று பிற்காலத்து அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். இப்பிழையை எடுத்துக்காட்டி அவர் புலமையைக் குறைத்துப் பேசுவார் உளர். அவர் அச்சிட்டு வெளியிட்டமையாலன்றோ பிறர் அதனை வாசித்து இவ்வேற்றுமையைக் கண்டுபிடித்தனர்? பிழை நேருமென்று அஞ்சிப் பெரிய வித்துவான்கள் பலர் கையிட மறுத்த வேலை அது. தமக்கு இழந்துபோகத்தக்க பெரும்புகழ் இல்லையாதலால் தாம் துணிந்ததாக அவர் பதிப்புரையில் அடக்கத்தோடு கூறினார். புலமையே சீவனமாக உடையவனுக்கு ஒரு பிழை சோற்றிலே கைவைக்கும். வேறு தொழிலால் உண்பவன் பிழையைத் தாங்கிக்கொண்டு மேலும் நடக்கலாம். பிள்ளையவர்களுடைய துணிவுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1887-ல் புதுக்கோட்டைச் சமத்தானத்து நீதிபதியாகி 1890 வரை அங்கிருந்தார். எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் அப்பதவியை விட்டபின் முடிந்தவை. 1895-ல் அரசாங்கத்தார் இராவ்பகதூர் என்னும் பட்டத்தை அளித்தனர்.

பிறந்த நாட்டையும் அவர் மறக்கவில்லை. ஏழாலையிலே ஒரு சைவப் பாடசாலையைத் தாபித்தனர். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரவர்கள் அங்கே ஆசிரியராக இருந்து பலருக்கு இலக்கணம் போதித்தார். சென்னையில் ஈட்டிய பொருளின் ஒருபகுதி இவ்வாறு ஏழாலை மண்ணுக்கு வந்தது. இதனைக் கொழும்பிலும் கடல்கடந்த தேசங்களிலும் உத்தியோகஞ் செய்யும் நம்மவர் அறிந்திருத்தல் நன்று.

அவருடைய இல்லத்திலே நேர்ந்த ஒன்றைச் சைவப் பத்திரிகைகள் சொல்லாது விடுவது வழக்கம். மைந்தர் அழகசுந்தரம் என்பவர் கிறித்துசமயத்தைத் தழுவிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரைப் பெற்றார். தந்தையார் அப்பக்கத்திலிருந்து சைவத்துக்கு மீண்டார். மைந்தர் சைவத்திலிருந்து அப்பக்கத்துக்குப் போனார். ஆயினும் அவர் தமிழை விட்டாரல்லர். பின்னாளிற் கொழும்புச் சர்வகலாசாலைக் கல்லூரியிலே தமிழ் போதித்தார். தந்தையார் சேர்த்துவைத்ததில் இப்பங்கு அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

பிள்ளையவர்கள் 1901-ம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் தேதி சென்னையிலே தேகவியோகமானார்கள். அப்பொழுது வயசு அறுபத்தெட்டு. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் இரங்கற்பாப் பாடினர். நூல்களுக்கு அவர் எழுதிய பதிப்புரைகள் எல்லாவற்றையும் ஒருங்கு திரட்டித் தாமோதரம் என்னும் பெயரோடு 1971-ல் யாழ்ப்பாணத்திலே புத்தகமாக வெளியிட்டனர். ஏடு கிடைத்த வரலாறும், பட்ட இடரும், கண்டனக்காரர்க்குச் சொன்ன மறுமொழியும் அதில் அவர் வாக்காகவே உள்ளன. ஒவ்வொரு பதிப்புரையும் கந்தோரிலிருந்து வந்து குளித்து உண்டபின் ஓரிரவில் வாசித்து முடிக்கத்தக்க அளவினதே.